பிள்ளைக்கு ஆகாதது

சூளகிரியில் காலையில் எங்கள் வாசலைக் கடக்கிற யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. என் இடுப்பில் இருக்கிற பிள்ளையின் கன்னத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். பால்காரர் தெலுங்கில் விசாரிப்பார், பூக்காரி கன்னடத்தில் விசாரிப்பாள், தபால்காரர் மட்டும் தமிழில் விசாரிப்பார். நேற்றைக்கு இன்றைக்குச் சிவப்பு ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்பதுதான் எல்லாருக்கும் விஷயம். போன வருஷம் பிள்ளையின் இரண்டு கைகளுக்கும் பழைய வேட்டித் துணியில் சின்னச் சின்னப் பைகள் தைத்து மணிக்கட்டில் நாடா கட்டி வைத்திருந்தேன், சொறிந்து ரத்தம் வரவழைத்துக்கொள்ளக் கூடாதே என்று. "திருட்டுப் பயலைக் கட்டிப்போட்டாச்சா" என்று பால்காரர் தினமும் அதே வேடிக்கையைச் சொல்லிச் சிரிப்பார். முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அந்த மனிதர் வருகிற சத்தம் கேட்டாலே எரிச்சலாக இருந்தது. இப்போது பைகள் இல்லை, கன்னமும் தெளிந்துவிட்டது, ஆனால் பார்க்கிற பழக்கம் இந்தத் தெருவுக்கு இன்னும் போகவில்லை. எனக்கும்தான் போகவில்லை.

ஊரில் இருக்கும் நீங்களெல்லாம் கேட்கிறீர்கள், பிள்ளையை ஏன் இன்னும் கொண்டுவந்து காட்டவில்லை, அந்தக் குளிர்ச்சீமையில் அப்படி என்ன ஒட்டிக்கொண்டது என்று. போகிற வருகிறவர்களிடம் சொல்லி அனுப்பினால் ஒன்பது விதமாகத் திரிந்து வருகிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் பெங்களூர் ரோட்டில் மராமத்து ஓவர்சியர். நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரி. அப்பா அம்மா இல்லாத எனக்கு அண்ணன் வீடுதான் பிறந்த வீடு. பிரசவமும் அங்கேதான். பிள்ளை தலை நின்றதும் இங்கே வந்தோம். வந்த கொஞ்ச நாளிலேயே கன்னத்தில் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் ஒரு சிவப்பு. பிறகு முழங்கை மடிப்பு, முட்டிக்குப் பின்பக்கம், காதுக்குப் பின்னால். தோல் வெடித்து நீர் கசியும், காய்ந்து பொருக்குத் தட்டும், அதைச் சொறிந்து பிள்ளை வீரிட்டு அழும். நம் பக்கத்தில் கரப்பான் என்போமே, அதுதான். இங்கே கஜ்ஜி என்றார்கள். ஒரு கிழவர் அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகிவிட்டுப் போனார். அதைப் பிடுங்கி எறியவும் பயம், விட்டுவைக்கவும் பயம்.

நான் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். இந்த ஊர்தான் காரணம். சித்திரையிலும் விடியற்காலையில் போர்வை தேட வைக்கிற இந்தக் குளிர், உப்புக் கரிக்கிற கிணற்றுத் தண்ணீர், வேளை தவறாமல் தின்கிற கேழ்வரகுக் களி, எல்லாவற்றுக்கும் மேலே இந்தக் கடலை எண்ணெய். தாளிப்பதற்கும் அதுதான், பலகாரம் சுடவும் அதுதான். கடலை கரப்பான் பண்டம் என்று நம் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும். ஆக, பத்தியம் ஆரம்பித்தேன். பால் கொடுக்கிறவள் வாயைக் கட்டவேண்டுமே. கத்தரிக்காய், கருவாடு, கேழ்வரகு, கடலை எல்லாம் விலக்கினேன். அண்ணனுக்குச் சொல்லியனுப்பி நம் ஊர்ச் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயை டின்னில் வரவழைத்தேன். எள் வறுத்துப் போட்ட இட்லிப் பொடியும் கூடவே வந்தது. நான் தின்றது அதுதான், பிள்ளையின் உடம்பில் காலையும் மாலையும் தேய்த்தது அதுதான். வெடித்த தோலில் எண்ணெய் பட்டதும் அவன் துடிப்பான். மருந்து என்றால் அப்படித்தான் எரியும் என்று வீட்டுக்காரர் சொன்னார், நானும் ஆமாம் என்றேன். வெதுவெதுப்பான தண்ணீர், பயத்தமாவு, தூங்கும்போது நகம் வெட்டுவது, கம்பளி படாமல் பருத்தித் துணியை இரண்டு தரம் அலசிப் போடுவது என்று ஒரு நாள் முழுக்க அதுவே வேலை. எல்லாம் செய்தும் சிவப்பு கழுத்துக்கு இறங்கியது. இரவும் பகலும் சர் சர் என்று சொறிகிற சத்தம். அது என் காதுக்குள்ளேயே குடிவந்துவிட்டது.

பக்கத்து வீட்டு ஜயம்மா மல்பெரித் தோட்டக்காரரின் மனைவி. கன்னடக்காரி, வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறவள். அவள் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது, நான் பேசுவதில் பாதி அவளுக்குப் புரியாது, அதனாலேயே எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. நம் பொங்கல் நாள்தான் அவர்களுக்குச் சங்கராந்தி. அன்றைக்கு எள், வெல்லம், கடலை, கொப்பரை எல்லாம் கலந்து தட்டில் வைத்து வீடுவீடாகக் கொடுப்பார்கள். எள்ளு பெல்லா என்று அதற்குப் பேர். அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டால் வருஷம் முழுக்க நமக்குள் நல்ல பேச்சு என்று அர்த்தம். வேண்டாம் என்றால் உறவு வேண்டாம் என்று அர்த்தம். சின்னப் பிள்ளைகளை மணையில் உட்காரவைத்து, அளக்கிற படியில் இலந்தைப் பழமும் கரும்புத் துண்டும் காசும் நிரப்பித் தலைவழியாகக் கொட்டுவார்கள். கண் திருஷ்டி போய்விடுமாம். என் பிள்ளைக்குத் திருஷ்டிதான் என்பது ஜயம்மாவின் முடிவு. நானே கூட்டிக்கொண்டு போனேன். பழம் தலையில் உருண்டதும் அவன் சிரித்தான். அத்தனை நாளுக்குப் பிறகு அவன் சிரித்ததைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் ஜயம்மா எள்ளும் வெல்லமும் இடித்த பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து அவன் நாக்கில் தடவினாள்.

தட்டை அவள் கீழே வைப்பதற்குள் பிள்ளையின் உதடு தடித்துவிட்டது. பிறகு கண் இமை. பிறகு கழுத்தெல்லாம் திட்டுத்திட்டாக. வாந்தி எடுத்தான், அதற்குப் பிறகு மூச்சில் ஒரு விசில் சத்தம் வந்தது. "ஏனூ ஆகல்ல அக்கா, ஏனூ ஆகல்ல" என்று ஜயம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள், ஒன்றும் ஆகாது என்று. அவள் முகத்தில் அந்தத் தைரியம் இல்லை. வீட்டுக்காரர் ஜீப்பில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓசூருக்குப் பறந்தார். ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் மெட்ராஸ்காரர், ஊசி போட்டார், விசில் மெல்ல அடங்கியது. "இது அலர்ஜி. ஏதோ ஒரு பொருள் இவனுக்கு ஆகலை. எதுன்னு வீட்டுல நீங்கதான் கவனிச்சுக் கண்டுபிடிக்கணும். இன்னொரு தரம் வந்தா இதைவிட மோசமா வரும்மா" என்றார். அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். கண்டுபிடிக்க என்ன இருக்கிறது, தட்டில் கடலை இருந்ததே. வீட்டுக்கு வந்து ஜயம்மா பக்கத்து வேலிப்படலைச் சாத்திக் கயிறு போட்டுக் கட்டினேன். அவள் படலுக்கு அந்தப்பக்கம் நின்று என்னவோ சொன்னாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் கடலை என்ற பேச்சே இல்லை. இந்த ஊர்ப் பொருள் எதுவும் நுழையவில்லை. எல்லாம் நம் ஊர்ச் சரக்கு. ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. பிள்ளை தூங்கினால் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். சமைத்துக்கொண்டிருக்கும்போது அழுகை நின்றால் ஓடுவேன். அழுதால் ஓடுவதைவிட வேகமாக ஓடுவேன். இப்படி இருக்க ஒரு சனிக்கிழமை, எண்ணெய்க் குளியல். நம் வழக்கப்படி உச்சியில் ஒரு கை, தொப்புளில் ஒரு துளி, காதில் ஒரு துளி, மூக்கில் ஒரு சொட்டு. மூக்கில் விட்டது தொண்டையில் இறங்கியிருக்கவேண்டும். காலில் போட்டிருந்த பிள்ளை என்னையே பார்த்தான். உதடு தடித்தது. அந்த விசில் வந்தது.

சுற்றிலும் பார்த்தேன். கடலை இல்லை, களி இல்லை, ஜயம்மா இல்லை. எண்ணெய்க் கிண்ணமும் நானும்தான் இருந்தோம். அந்த நிமிஷத்தில் எல்லாம் விளங்கிப்போயிற்று. எள்ளு பெல்லாவில் இருந்ததும் எள், இதுவும் எள். நான் தின்ற பொடியும் எள், என் பாலில் போனதும் அதுவாகத்தான் இருக்கும். வெடித்த தோலுக்குள் நாள் தவறாமல் ஊட்டியதும் அதுதான். வீட்டுக்காரர் ரோட்டு வேலைக்குப் போயிருந்தார். நான் போட்ட கூச்சலில் ஜயம்மா படல் கயிற்றை அரிவாளால் அறுத்துக்கொண்டு வந்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. பிள்ளையை வாங்கித் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலைக்கு ஓடி, கிருஷ்ணகிரியிலிருந்து வந்த லாரியின் முன்னால் போய் நின்றுவிட்டாள். ஓசூர் போய்ச் சேருகிற வரை அவன் உதட்டின் நிறத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். நீலம் பாரித்துக்கொண்டே வந்தது. பிழைத்தான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், ஜயம்மா அவர் பேச்சை மறித்து என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

டின் எண்ணெயைக் குழி தோண்டி ஊற்றினோம். பொடியையும் புதைத்தோம். பாத்திரங்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொதிநீரில் அவித்தேன், தலையணை உறைகளை எரித்தேன். நான் கடலை எண்ணெய்க்கும் களிக்கும் மாறினேன், எதைத் தின்றாலும் பிள்ளையின் கன்னத்தைப் பார்த்துக்கொண்டேதான் தின்றேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு வடிந்தது. பொருக்கு உதிர்ந்து கீழே பாலாடைபோல் புதுத்தோல் வந்தது. எனக்கு ஆனந்தமாக இருந்திருக்கவேண்டும். ஆனால் அந்த நாட்களில்தான் நம் ஊர் வீட்டை ஒவ்வொரு அறையாக நினைத்துப் பார்த்தேன். விளக்கில் நல்லெண்ணெய், தாளிப்பில் நல்லெண்ணெய், எல்லார் தலையிலும் நல்லெண்ணெய், மாடத்தில் எள்ளுருண்டை, களத்தில் அம்பாரம் அம்பாரமாக எள். பிள்ளையை எங்கே இறக்கிவிடுவது? இங்கே எல்லை பிரித்து ஓசூரை எந்த ராஜ்யத்தில் சேர்ப்பது என்று வீட்டுக்காரரும் சிநேகிதர்களும் மணிக்கணக்காக வாதம் பண்ணுகிறார்கள். என் எல்லையை ஒரு எள் போட்டுவிட்டது.

இதை எழுதி அனுப்பினால் அண்ணனுக்குப் புரியாது என்று சும்மா இருந்தேன். அவரே புறப்பட்டு வந்துவிட்டார். முதல் முடி குலதெய்வத்துக்கு, தாய்மாமன் மடியில் இறக்கவேண்டும் என்று அவர் நாள் குறித்துச் சாமியாடிக்குச் சொல்லிவிட்டு எங்களை அழைத்துப் போக வந்திருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி, தலையில் படிய வாரிய எண்ணெய் மினுமினுக்க, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார். நான் பிள்ளையோடு நிலைப்படிக்கு உள்ளே பின்வாங்கினேன்.

"அண்ணே, முதல்ல குளிச்சிருங்க. சீயக்காய் எடுத்து வச்சிருக்கேன். அதுக்குப் பிறகு தூக்கலாம்."

"எதுக்கு தாயி? நான் என்ன தீட்டுக்கா போயிட்டு வாரேன்?"

சொன்னேன். எள் என்றேன், எண்ணெய் என்றேன், மூச்சு நின்றுபோகும் என்றேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. "நம்ம செக்கு எண்ணெய்ல வளந்த உடம்பு உன் உடம்பு. அது உன் பிள்ளைக்கு விஷமாக்கும்? நம்ம ஊரே ஆகாதுங்கியா?" என்றார். அப்படிக் கேட்டுவிட்டு, கோபத்தில் அல்ல, பாசத்தில்தான், நான் கை வைத்து மறைப்பதற்குள் குனிந்து பிள்ளையின் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டார். வழியில் கட்டுச்சோற்றோடு எள்ளுப்பொடி தொட்டுச் சாப்பிட்டிருக்கிறார்.

டாக்டர் கொடுத்திருந்த மருந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரர் உள்ளிருந்து வந்தார். கன்னத்தில் தடிப்பு எழும்பியது, அண்ணனுடைய உதட்டின் வடிவம் மாறாமல், மேலுதடு கீழுதடு என்று பிரித்துச் சொல்லும்படி. மூச்சுக்கு இறங்குமோ என்று பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டே இருந்தேன். இறங்கவில்லை. அண்ணன் அந்தத் தடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிணற்றடிக்குப் போய்ச் சீயக்காயைக் குழைத்துத் தலையில் அப்பிக்கொண்டு, வாயைக் கொப்புளித்துக் கொப்புளித்துத் துப்பினார். பெரிய மனிதர், குலுங்கிக் குலுங்கி அழுததை நான் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் ஜயம்மா இந்த ஊர் நாவிதரை அழைத்துவந்தாள். எங்கள் வாசலிலேயே, புதுவேட்டி கட்டிய மாமன் மடியில், பிள்ளைக்கு மொட்டை போட்டோம். அண்ணன் பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடிக்கவும் பயந்து, கண்ணாடிச் சாமான்போல் வைத்திருந்தார். முடி ஒன்றுகூடக் கீழே விழாமல் மஞ்சள் துணியில் ஏந்தி முடிந்துகொண்டார். குலதெய்வத்துக்கு நேர்ந்தது, சேரவேண்டிய இடத்தில் சேர்த்துவிடுகிறேன் என்றார். மதியம் பஸ் ஏறினார். பிள்ளைக்கென்று பக்கத்தில் இடம் பிடித்திருந்தாரோ என்னவோ, ஜன்னலோரம் உட்காராமல் அந்த இடத்தில் மஞ்சள் முடிச்சை வைத்து, மேலே கையை வைத்து அணைத்துக்கொண்டார். பஸ் தெற்கே திரும்பியது. என் பிள்ளை ஊருக்குப் போகிறான் என்று நினைத்து நான் கையாட்டினேன். மொட்டைத் தலையோடு அவன் என் இடுப்பில் உட்கார்ந்திருந்தான்.