அம்மாவின் இரத்தத்தில் ஒரு காற்றுக்குமிழி

இதயத்தைத் திறக்கும்போது உள்ளே காற்றுப் புகுந்துவிடும் என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னார். வால்வை மாற்றித் தைத்த பிறகு, கட்டிலைத் தலைப்பக்கம் தாழ்த்தி, ஊசி குத்திக் காற்றை வெளியேற்றுவார்களாம். அப்படியும் ஒரு குமிழி தப்பி மூளைக்குப் போனால் பேச்சுப் போகலாம், கைகால் போகலாம், ஞாபகம் போகலாம்.

"என்னடி சொல்றாரு?" என்றாள் அம்மா.

"ஒன்னுமில்லம்மா. பயப்பட வேணாமாம்."

கலஹா தேயிலைத் தோட்டத்தை விட்டு எங்கே போனாலும், பொலிஸோ அரசாங்கக் கச்சேரியோ, எங்கள் குடும்பத்துக்கு வாய் நான்தான். கண்டியில் ஒரு கந்தோரில் எழுத்து வேலை பார்ப்பவள், சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. இத்தனை வருடத்தில் யார் சொன்னதிலும் ஒரு சொல்லைக்கூட நான் விழுங்கியதில்லை. அன்றைக்கு விழுங்கினேன். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன், அம்மா போட்டாள்.

அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் சேலைன் குழாயில் கடுகளவு குமிழி இறங்குவதைக் கண்டு தாதியிடம் ஓடினேன். அவர் குழாயைச் சுண்டிவிட்டு, இதெல்லாம் ஒன்றும் செய்யாது என்று சிரித்தார். சிரித்த வாயில் ஒரு குத்து விடலாம் போலிருந்தது.

ஒப்பரேஷன் அன்று காலையிலிருந்து நடைபாதையில் மேலும் கீழும் நடந்தேன்.

"உக்காரும்மா, பாக்குற எனக்குத் தல சுத்துது," என்றார் அப்பா.

உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் குமிழி விஷயம் முழுவதையும் அவரிடம் கொட்டிவிட்டேன்.

"அவகிட்ட சொன்னியா?"

"இல்லப்பா."

அதற்குப் பிறகு அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஒப்பரேஷன் முடிந்துவிட்டது என்றார்கள். மறுநாள் காலை, அம்மாவின் தொண்டையிலிருந்த குழாயை எடுத்த கையோடு ஒரு தாதி என்னைக் கூப்பிட்டார். அவர் சிங்களக்காரர், கொஞ்சம் தமிழும் தெரியும். அம்மா கைகால் அசைக்கிறாளாம், தன் பெயரைச் சொன்னாளாம். ஆனால் புருஷன் பெயரை மூன்று தரம் கேட்டும் பதில் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளாம். மூளையை ஸ்கேன் எடுக்க வேண்டிவரலாம் என்றார்.

போய்விட்டது, அம்மாவின் ஞாபகம் போய்விட்டது, நான்தான் ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினேன் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். அம்மாவின் உதடுகள் வெடித்திருந்தன.

"அம்மா, அப்பா பேரு என்னம்மா?"

அம்மா என்னை முறைத்தாள். குரல் எழும்பவில்லை, காற்றாகத்தான் வந்தது.

"ஒனக்குமா புத்தி கெட்டுப்போச்சு? கட்டினவரு பேர நா என்னைக்குடி சொல்லியிருக்கேன்? வெளியதான நிப்பாரு, அவரயே கேக்கச் சொல்லு."

கிராம சேவகர் கேட்டாலும் என்னை இடித்து என் வாயால்தான் சொல்லவைப்பாள். எத்தனை படிவத்துக்கு நான் சொல்லியிருக்கிறேன்! பயத்தில் அது எனக்கே மறந்துபோயிருந்தது. தாதிக்கு விளக்கிச் சொன்னேன். அவர் ஸ்கேனைப் பற்றி மறுபடி பேசவில்லை.

வெளியே அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முந்தின நாளுக்குப் பிறகு அப்போதுதான் என்னிடம் வாய் திறந்தார்.

"பேசினாளா?"

"பேசினாங்க."

"என்ன சொன்னா?"

"உங்க பேர மட்டும் சொல்லவே மாட்டாங்களாம்ப்பா."

அப்பா அப்படியே கதிரையில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, எல்லோரும் பார்க்கச் சத்தம் போட்டு அழுதார்.