மூடிக்குள் ஒட்டிய சீட்டு

பட்டறையில் அவளுக்கு ஊசி என்று பெயர். பழைய கம்ப்யூட்டர் கார்டுகளில் எண்ணை மாற்ற, ஜம்பர் என்னும் கடுகளவு துண்டைக் கோணி ஊசியால் நெம்பி அடுத்த கம்பியில் மாட்டுவாள். ஒன்றைக்கூடக் கீழே விட்டதில்லை.

துணி வெட்டும் பட்டறை அது. வெட்டும் இயந்திரத்தின் கார்டு புதிய கம்ப்யூட்டரில் பொருந்தாது. அதனால் இரண்டு கிழட்டுப் பெட்டிகள் அங்கே இன்னும் உயிரோடு இருந்தன. வலதுபக்கப் பெட்டியில் மட்டும் லேபிள் அச்சடிக்கும் கார்டும் உண்டு. ஒரு பெட்டிக்குள் ஒவ்வொரு கார்டுக்கும் தனி எண் வேண்டும். இரண்டுக்கு ஒரே எண் விழுந்தால் இரண்டும் திகைத்து நின்றுவிடும். "ஒரே கதவு நம்பர்ல ரெண்டு வீடு இருந்தா தபால்காரர் என்ன பண்ணுவாரு?" என்பாள். எந்தக் கார்டுக்கு எந்த எண் என்று அச்சடித்தாற்போல் எழுதி, அந்தந்தப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவைப்பாள்.

பட்டறை சித்தப்பாவுடையது. அவளுக்கு அண்ணன் முறையான அவர் மகன் கம்ப்யூட்டர் படிப்பை முடித்து வந்ததிலிருந்து, ஏழு வருடமாக அவள் உட்கார்ந்த நாற்காலி ஆட்டம் கண்டிருந்தது.

அன்று காலை வலதுபக்கப் பெட்டியில் வெட்டும் கார்டு செத்துவிட்டது. உதிரிக் கார்டை, மூடிச் சீட்டில் எழுதியிருந்தபடி ஐந்தாம் எண்ணில் வைத்து மாட்டினாள். லேபிள் அச்சாகத் தொடங்கியதும் கத்தி பாதித் துணியில் நின்றது.

சித்தப்பா எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டார். "உன்னை வெச்சதுக்கு ஒரு கல்லை வெச்சிருக்கலாம். துணி பறக்காமலாவது பாத்துக்கும். மதியத்துக்குள்ள இது ஓடலைன்னா நீ வீட்டுக்கு ஓடு."

"காதறுந்த ஊசிப்பா இது" என்றான் மகன்.

அவள் எல்லாக் கார்டுகளையும் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டினாள். லேபிள் கார்டு இல்லாவிட்டால் கத்தி ஓடியது. அதையும் சேர்த்தால் நின்றது. இரண்டும் ஐந்தில் இருந்தன. சீட்டை மறுபடி படித்தாள். கையெழுத்து அவளுடையதுதான். ஆனால் அதில் லேபிள் கார்டே இல்லை. அப்படியானால் இது இடதுபக்கப் பெட்டியின் மூடி.

"அண்ணா, நேத்து தூசி தட்டினப்ப மூடியை மாத்தி மாட்டிட்டீங்களா?"

"ரெண்டும் ஒரே கலர். மேல பேரா வெட்டியிருக்கு?"

அவள் ஊசியால் ஜம்பரை நெம்பினாள். வெட்டும் கார்டைப் பத்துக்கு மாற்றினாள். கத்தியும் ஓடியது, லேபிளும் வந்தது. மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

சித்தப்பா ஓடும் கத்தியைப் பார்க்கவில்லை. கழற்றிவைத்த மூடிக்குள் குனிந்து படித்தார். "எல்லாத்தையும் எழுதித்தானே வெச்சிருக்க? இதைப் பாத்து யார் வேணா மாட்டலாமே! அப்புறம் நீ எதுக்கு? நாளையிலேர்ந்து அண்ணன் பாத்துக்குவான்."

"சித்தப்பா, அந்தச் சீட்டு..."

"வாயைத் திறக்காதே. மூடிட்டுக் கிளம்பு."

அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த இடதுபக்க மூடியையே வலதுபக்கப் பெட்டியில் திரும்ப மாட்டி, நான்கு திருகுகளையும் ஒரே அளவாக முடுக்கினாள். ஊசியை எடுத்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் சித்தப்பா அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். சட்டையெல்லாம் தூசி.

"அண்ணன் கழட்டி மாட்டினதுல ரெண்டு பெட்டியும் நின்னுபோச்சும்மா. மூணு நாளா கத்தி ஓடலை. ஒரு நடை வந்து பாரும்மா."

"சீட்டைப் பாத்து மாட்டச் சொல்லுங்க, சித்தப்பா" என்று கதவைச் சாத்தினாள்.