கரையாத கட்டி

கர்த்தரை நம்புகிற உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் அதியமான்கோட்டையில் டிபன் கடை நடத்துகிறவள். போன வருடம் கோடையில் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. நெல்லிக்காய் அளவு. வலியே இல்லை. வலியில்லாத கட்டியைத்தான் நம்பக்கூடாது என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது.

கடையில் தோசை கருகும், எனக்குத் தெரியாது. கை தானாக அந்த இடத்துக்கே போகும். "ஆண்டவரே, இதைக் கரைத்துப் போடும்." வேறு ஜெபமே இல்லை. சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எனக்கு எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். வீட்டுக்கு வந்து தடவிப் பார்த்தேன். அப்படியே இருந்தது. என் மேல் உமக்கு என்ன கோபம் என்று அழுதேன். கடைசியில் என் கணவர்தான் பிடிவாதமாகத் தருமபுரிக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனார்.

ஜில்லென்று பசையைத் தடவி, டாக்டரம்மா கருவியை நகர்த்தினார். திரையில் கருப்பாக ஓர் உருண்டை. எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"பயப்படாதீங்கம்மா, இது நீர்க்கட்டி. உள்ள வெறும் தண்ணி, அதான் கருப்பாத் தெரியுது. ஓரம் வழவழன்னு இருக்குது, பின்னால வெளிச்சமா இருக்குது பாருங்க."

"ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று கத்தி, எழுந்து உட்கார்ந்து முந்தானையால் பசையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டேன். நல்ல செய்தி கேட்டால் சபையில் உடனே எழுந்து சாட்சி சொல்லியே பழகிய ஆள் நான்.

"அய்யோ, படுங்கம்மா! இன்னும் பாதிதான் பாத்திருக்கறேன்."

படுத்தேன். கருவி அக்குள் பக்கம் போய் நின்றது. அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"என்னங்க மேடம்?"

"இங்க சின்னதா இன்னொன்னு இருக்குதுங்க. ஓரமெல்லாம் முள்ளு முள்ளா இருக்குது. படுத்த வாக்குல இல்லாம நின்ன வாக்குல இருக்குது, கீழ நிழலடிக்குது. எனக்குச் சரியாப் படல. ஊசி போட்டு சதை எடுத்துப் பாத்துரலாம்."

அது என் கைக்குத் தட்டுப்படவே இல்லை.

முடிவு வரும்வரை உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. புற்றுநோய்தான். "ஆரம்பத்துலயே சிக்கிருச்சும்மா, தப்பிச்சீங்க" என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்டபடி அந்த நெல்லிக்காய் கரைந்திருந்தால், சபையில் சாட்சி சொல்லிவிட்டுக் கடையைத் திறந்திருப்பேன். ஸ்கேன் பக்கமே போயிருக்க மாட்டேன்.

சிகிச்சையெல்லாம் முடிந்து இன்று உயிரோடு இருக்கிறேன். ஒவ்வொரு பரிசோதனைக்கும் இன்னும் நெஞ்சு படபடக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். சகோதரிகளே, ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு ஸ்கேனுக்கும் போங்கள். கேட்டது கிடைக்கவில்லையே என்று தவிக்கிறவர்களே, அவர் கையை விட்டுவிடாதீர்கள். என் கட்டியைக் கரைக்காத தேவனுக்கே ஸ்தோத்திரம்!