தவராசா அண்ணை வாங்கிய பார்வைத்துண்டு

முள்ளியவளைப் பக்கம் தண்ணீர்ப் பம்பு பழுதானால் தவராசா அண்ணையிடம்தான் போகவேண்டும். போனால் முதலில் ஏச்சு விழும். எண்ணெய் விடவில்லை, சேற்றோடு சேர்த்து இழுத்திருக்கிறாய், வளர்க்கிற மாட்டையும் இப்படித்தான் வைத்திருக்கிறாயா என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டே பம்பைக் கழற்றுவார். கடைசியில் தேய்ந்துபோன ஏதாவது ஒரு சாமானைத் தூக்கிக் காட்டி "இதுதான்" என்பார். எந்தப் பழுதுக்கும் அவருக்கு ஒரு "இதுதான்" இருந்தாகவேண்டும். நான் பக்கத்து வளவுக்காரன், அவருக்குப் பத்து வயது இளையவன். அவரிடம் நான் வாங்கிக் கட்டிய ஏச்சை மூட்டை கட்டினால் ஒரு உழவு இயந்திரப் பெட்டி காணாது.

இரண்டு வருடங்களுக்கு முன் நோர்வேயிலிருந்து அவருடைய தம்பி ஒரு தொலைகாட்டி அனுப்பினார். எட்டு அங்குலக் கண்ணாடி வைத்த டொப்சோனியன். நெஞ்சுயரக் குழாய், அதைத் தாங்க ஒரு பலகைப் பெட்டி, அவ்வளவுதான். வானத்தோடு சேர்ந்து திரும்புகிற மோட்டர் எதுவும் கிடையாது, கையால்தான் தள்ளித் தள்ளிப் பிடிக்கவேண்டும். முற்றத்தில் அந்தக் குழாய் வானத்தைப் பார்த்து நின்ற முதல் நாள், தெருவால் போன இரண்டு பேர் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார்கள். இந்த ஊரில் நிமிர்ந்து நிற்கிற குழாயைக் கண்டால் யாருக்கும் பீரங்கிதான் நினைவு வரும்.

அண்ணைக்கு வானத்தில் பெரிய ஆசை ஒன்றும் இருந்ததில்லை. ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு கோளைப் பார்க்கவேண்டும் என்பதற்காகத்தான் தம்பியிடம் வாய்விட்டுக் கேட்டார். ஆள் அவருடைய மனைவி விமலேஸ்வரி அக்கா. கோள் சனி.

அவர்களுடைய மகன் சதீஸ் பதின்மூன்று வயதில், கடைசி யுத்தத்தில், மாத்தளனில், கஞ்சி வரிசையில் நின்றபோது பீரங்கிச் செல் விழுந்து செத்தான். அக்காவின் இடது தொடையிலும் அதே வாரம் காயம். பிறகு முகாமில் ஒரு சாத்திரியார், அக்காவுக்கு ஏழரைச் சனி, தாயில் இருந்த சனி பிள்ளையில் இறங்கிவிட்டது என்று சொல்லிவைத்தார். அன்று தொடங்கியது. பதினாறு வருடமாக ஒரு சனிக்கிழமை விடாமல் அக்கா காலை இழுத்து இழுத்துக் கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் எரித்தார். என் ராசிதான் பிள்ளையைத் தின்றது என்று சொல்லிச் சொல்லியே பாதியாகிப் போனார். அண்ணைக்கு அது பொறுக்கவில்லை. அந்தச் சாத்திரியாரை எப்போதாவது கண்டால் பம்புக்குள் போட்டுச் சுற்றுவேன் என்பார். ஏசிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், எதுவும் நடக்கவில்லை. சனி என்பது ஒரு வாயு உருண்டை என்று மனைவி தன் கண்ணால் கண்டுவிட்டால் தன்னைத்தானே குற்றம் சொல்வதை நிறுத்திவிடுவார் என்று நம்பினார். நானும் நம்பினேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அக்கா வந்து பார்த்தார். பார்த்தேன் என்றார், வளையமும் தெரிகிறது என்றார். அடுத்த சனிக்கிழமையும் கோயிலுக்குப் போனார். ஒருநாள் அண்ணை குழாயைச் சரிபார்த்துவிட்டு, என்னோடு கதையில் இருந்துவிட்டார். ஐந்து நிமிடம் கழித்து அக்கா குசினியிலிருந்து வந்து குனிந்து, "ஓம், கண்டனான், வடிவா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு அண்ணை குனிந்து பார்த்தால் உள்ளே வெறும் இருட்டு. சனி எப்போதோ நகர்ந்து போய்விட்டது.

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் வேலியால் எட்டிப் பார்த்து "இதுதான்" என்றார். தொலைகாட்டியோடு வந்த ஆறு மில்லிமீற்றர் பார்வைத்துண்டைக் கையில் வைத்திருந்தார். நாம் கண்ணை வைத்துப் பார்க்கிற அந்தச் சின்ன உருளைதான் பார்வைத்துண்டு. இருநூறு மடங்கு பெருப்பிக்கிறது, ஆனால் அதில் தெரிகிற வானம் ஊசித் துவாரமளவு. நடுவில் பிடித்த சனி அரை நிமிடத்தில் விளிம்பைத் தாண்டிவிடும். இவள் நொண்டி நொண்டி வந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து குனிவதற்குள் சனியார் போய்விடுகிறார். மனுசி வெட்கத்தில் பொய் சொல்கிறாள். அதனால் பெரிதாகவும் காட்டவேண்டும், அகலமாகவும் காட்டவேண்டும். அப்படியொன்று வாங்கினால் பழுது தீர்ந்தது என்பது அண்ணையின் கணக்கு.

அதற்குப் பிறகு ஒரு மாதம் எனக்கு நிம்மதி இல்லை. தம்பி மூன்று பார்வைத்துண்டுகளின் விபரம் அனுப்பி, ஒன்றைச் சொல்லுங்கோ, வாங்கி அனுப்புகிறேன் என்றிருந்தார். இந்த மனிதர் பெண் பார்ப்பவர் மாதிரி மூன்றுக்கும் குறை கண்டுபிடித்தார். ஐந்து மில்லிமீற்றர் நன்றாகப் பெருப்பிக்கும், ஆனால் பகல் முழுக்கக் காய்ந்த வயல் பின்னேரத்தில் விடுகிற வெக்கையில் சனி கொதிக்கிற உலைக்குள் கிடப்பதுபோல் நடுங்கும். ஒன்பது மில்லிமீற்றருக்கு நூறு பாகை அகலம், ஆனால் சனி மிளகளவுதான் தெரியும். ஏழு மில்லிமீற்றரில் நூற்றெழுபது மடங்கு, எண்பத்திரண்டு பாகை. விளிம்பில் பிடித்தால் மறு விளிம்புக்குப் போகக் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம். மூக்குக்கண்ணாடியோடும் பார்க்கலாமாம். அக்கா கதிரையிலிருந்து எழும்பி வந்து குனிய எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று அவருக்கே தெரியாமல் மூன்று தரம் மணிக்கூட்டில் பார்த்து, கடைசியில் ஏழைத்தான் சொன்னார். ஒரு பம்பு வாங்கக்கூட அவர் இத்தனை யோசித்ததில்லை.

பார்சல் புரட்டாதி மாதத்தில் வந்தது. கடைசிப் புரட்டாதிச் சனிக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம், இருட்டியதும் அண்ணை குழாயை முற்றத்துக்குக் கொண்டுவந்தார். நானும் போயிருந்தேன். என்னைத்தான் முதலில் பார்க்கவிட்டார். பொய் சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது. கறுப்பு அகன்று விரிந்து கிடக்க, நடுவில் ஒரு மஞ்சள் மணி, அதைக் குறுக்கே குத்திய ஈர்க்கு மாதிரி வளையம். இந்த வருடம் வளையம் நமக்குப் பக்கவாட்டில் நிற்பதால் அப்படி என்று அண்ணை சொன்னார். குரலில் அவசரம். பிறகு சனியை விளிம்புக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா வந்து குனிந்தார். நான் பக்கத்தில் நின்றதால் எனக்குத் தெரிந்தது. பார்வைத்துண்டுக்கு மேல் முகத்தை வைத்தபடி இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு நின்றார். உதடு மட்டும் அசைந்தது.

எனக்கு எதையும் அடக்கத் தெரியாது. "அக்கா, கண்ணைத் திறவுங்கோ" என்றேன்.

அக்கா நிமிர்ந்தார், ஆனால் மறுக்கவில்லை. கோயிலிலேயே சனீஸ்வரனுக்கு நேரே நின்று யாரும் கும்பிடுவதில்லை, ஒதுங்கி நின்றுதான் கும்பிடுவார்கள், அவருடைய பார்வை நேரே படக்கூடாது. இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். தனக்கு இன்னும் ஒரு மகள் வவுனியாவில் பிள்ளைகுட்டியோடு இருக்கிறாள், அவளுக்கும் ஏதும் வரட்டும் என்றா கண்ணுக்குள் கண் வைத்துப் பார்ப்பது என்று கேட்டார். முதல் நாளிலிருந்தே மூடிய கண்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. ஊரெல்லாம் அறிந்த வழக்கம், எங்கள் இரண்டு பேருக்கும் அது நினைவில் வரவேயில்லை. நாங்கள் வில்லையையும் பாகையையும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

அண்ணை ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. "விமலா, ஒருக்காத்தான். சதீசை அது கொண்டுபோகேல்லை. நீர் பிழை செய்யேல்லை. அதை உம்மட கண்ணால பாத்தால் போதும்" என்றார். அவர் வாயிலிருந்து மகனுடைய பெயரை நான் கேட்டு எத்தனையோ வருடம்.

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டார். பிறகு குனிந்தார். அண்ணை குழாயை ஒரு நூல் அசைத்துக் கொடுத்தார். இந்தமுறை கண் திறந்திருந்தது. இரண்டு நிமிடமும் திறந்தே இருந்தது. அண்ணை வாங்கிய சாமான் தன் வேலையைச் சரியாகச் செய்தது. எங்கள் கணக்குப்படி சனி மறு விளிம்பைத் தாண்டிய பிறகும் அக்கா நிமிரவில்லை.

நிமிர்ந்தபோது முகத்தில் பயம் இல்லை. அழுகையும் இல்லை. "இவ்வளவு சின்னன். பாவம், இது என்ன செய்யும்" என்றார். அண்ணையின் முகம் மலர்ந்ததை நான் கண்டேன். அந்த மலர்ச்சிக்கு ஆயுசு ஒரு நொடி.

"அண்டைக்குக் கஞ்சிக்கு அவனை அனுப்பினது நீங்கள். பங்கர்க் குழி வெட்டோணும், நீ போடா எண்டனீங்கள்" என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை, அடுப்பில் உலை இருக்கிறது என்பதுபோல் சொன்னார். "நான் அந்தப் பழியைச் சனீஸ்வரனில போட்டிட்டுத்தான் இவ்வளவு காலமும் உங்களோட இருந்தனான்."

பிறகு உள்ளே போய்விட்டார். கிணறு வெட்டப் பூதம் புறப்படும் என்பார்கள். வெட்டியவர்களில் நானும் ஒருவன். அண்ணை குழாயைப் பிடித்தபடி நின்றார். நான் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டேன். அது கோழைத்தனம்தான்.

மறுநாள் கடைசிப் புரட்டாதிச் சனி. ஊர்ச் சனம் எல்லாம் சனீஸ்வரனுக்கு எண்ணெயும் எள்ளும் கொண்டு கோயிலுக்குப் போனது. அக்கா போகவில்லை. அதற்கு அடுத்த கிழமையும் போகவில்லை. சமைக்கிறார், சாப்பாடு போடுகிறார், மகளோடு தொலைபேசியில் கதைக்கிறார். அண்ணையோடு கதைப்பதற்கு மட்டும் அவரிடம் ஒன்றும் இல்லை. பம்போடு வருகிறவர்களை அண்ணை இப்போது ஏசுவதும் இல்லை. பேசாமல் கழற்றிப் பேசாமல் பூட்டிக் கொடுக்கிறார்.

போன சனிக்கிழமை காலை வேலியடிக்கு வந்தார். கையில் ஒரு போத்தல் எள்ளெண்ணெய். தானே கடைக்குப் போய் வாங்கியிருக்கிறார். கோயிலுக்குப் போ என்று மூன்று கிழமையாகக் கெஞ்சுகிறாராம், அக்கா கேட்கிறார் இல்லையாம். போத்தலை என் கையில் திணித்தார்.

"தம்பி, நீ சொன்னால் அக்கா கேப்பா" என்றார். "பிள்ளையைக் கொண்டுபோனது சனிதான் எண்டு ஒருக்காப் போய்ச் சொல்லு."