காதுமடல் பதம்

அந்தத் தொழிற்சாலையில் 'சாமான்' என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. யாராவது தெரியாமல் சொல்லிவிட்டால் தகரத் தடுப்புக்கு இருபுறமும் சிரிப்பு கிளம்பி வேலை கெட்டுவிடும். அதனால் எல்லாமே 'பீஸ்'தான். தடுப்புக்கு ஒரு பக்கம் பெண்கள், மறுபக்கம் ஆண்கள். சுவரில் 'ஒழுக்கமே உயர்வு' என்று முதலாளி எழுதி மாட்டியிருந்தார். மனிதர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தங்கள் உடலுக்குத் தேடிக்கொள்ளும் இன்பத்துக்கான கருவிகளை அங்கே செய்தார்கள். செய்கிற இடத்தில் மட்டும் தனக்கு உடல் இருப்பதாக யாரும் காட்டிக்கொள்ளக் கூடாது.

பஞ்சு அக்காவின் வேலை, ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில பீஸ்களை எடுத்து அழுத்திப் பார்த்து, மென்மை சரியாக இருக்கிறதா என்று சொல்வது. அவள் சரி என்றால் பெட்டிக்குப் போகும். இல்லை என்றால் கலவைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்.

அவள் சேர்ந்தபோது அங்கே செல்போன் உறையும் சமையலறைக் கரண்டிகளும் வார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு முதலாளிக்கு இந்த வியாபாரம் கிடைத்தது. தொடக்கத்தில் எல்லாம் கெட்டிப் பிளாஸ்டிக். பளபளவென்று இருக்கும், மேசையில் வைத்தால் 'டக்' என்று சத்தம் வரும். வாங்கியவர்கள், பெரும்பாலும் பெண்கள், ஒரே குறையைத்தான் சொன்னார்கள்: கட்டையாக இருக்கிறது, வலிக்கிறது. வேறு நிறுவனங்கள் சிலிக்கானுக்கு மாறின. வளைகிற, அழுத்தினால் உள்வாங்குகிற, உடலின் சூட்டை ஏற்றுக்கொள்கிற பொருளையே கடைகள் கேட்டன. ஒவ்வொரு ஆண்டும் இன்னும் கொஞ்சம் மெது, இன்னும் கொஞ்சம் மெது என்றார்கள். மென்மையை விற்க முடியும் என்று ஆன பிறகுதான், அது இல்லாமல் எத்தனை பேர் காலம் தள்ளியிருக்கிறார்கள் என்பது வெளியே தெரிகிறது.

முதல் சிலிக்கான் மாதிரிகள் வந்த நாளில் முதலாளி, கூரையைப் பார்த்தபடி, பெண்கள் யாராவது தொட்டுப் பார்த்துக் கருத்துச் சொன்னால் நல்லது என்றார். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் மட்டும் கையை நீட்டி வாங்கி, கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினாள்.

"இது மூக்கு நுனி மாதிரி இருக்கு. காதுமடல் மாதிரி இருக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. கலவைக்காரர் தன் மூக்கைத் தொட்டார், பிறகு காதைத் தொட்டார். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த ஆண்களும் அதையே செய்ததாகப் பின்னால் சொன்னார்கள். அன்றிலிருந்து அங்கே நெற்றிப் பதம், மூக்குப் பதம், காதுப் பதம் என்று மூன்று அளவுகள் வந்தன. அவளுக்கும் பஞ்சு அக்கா என்று பெயர் வந்தது. பதம் பார்க்க மீட்டர் ஒன்றும் வாங்கினார்கள். ஆனால் புதிய பீஸ்களில் உள்ளே கெட்டித் தண்டு, மேலே மெல்லிய சதை. மீட்டரின் முள் சதையைத் தாண்டித் தண்டில் போய் நின்றது. மேலே இருப்பதைச் சொல்ல விரல்தான் வேண்டியிருந்தது.

வீட்டில் அவள் கணவன் வெல்டர். வேலைக்குப் போகிறாள் என்பது போதும், என்ன வேலை என்பது அவனுக்குத் தேவையில்லை. வெளியாட்கள் கேட்டால் ரப்பர் கம்பெனி என்பான். ஒரே ஒருமுறை, கழிவில் போன பீஸ் ஒன்று அவள் பைக்குள் தவறி வந்துவிட்டபோது, அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, இனி நான் எதுக்கு என்று கேட்டுக் குப்பையில் போட்டான். அதற்கு மேல் பேச்சு வளரவில்லை. அவர்களுக்குள் எந்தப் பேச்சுமே வளர்ந்ததில்லை. திருமணமான புதிதில், கொஞ்சம் மெதுவாக என்று அவனிடம் கேட்டிருக்கிறாள். நான் என்ன பூவா பறிக்கிறேன் என்று சிரித்தான். அவள் மறுபடி கேட்கவில்லை. ஊர் பேர் தெரியாத பெண்கள் 'வலிக்கிறது' என்று எழுதினால் தொழிற்சாலையே கலவையை மாற்றுகிறது என்பதை நினைத்து அவள் சில நாட்கள் தனக்குள் சிரித்துக்கொண்டதுண்டு. நல்ல சிரிப்பு என்று அதைச் சொல்ல முடியாது.

பதம் பார்ப்பதோடு அச்சுகளைத் துடைப்பதும் அவள் வேலை. சூடு ஆறாத அச்சைத் திறந்து, தின்னரில் நனைத்த துணியால் உள்ளே வழித்தெடுக்க வேண்டும். கையுறை போட்டால் இடுக்கில் விரல் போகாது என்று அவள் போடுவதில்லை. முதலில் விரல் நுனியில் ஊசி குத்துவதுபோல் இருந்தது. பிறகு அதுவும் நின்றது. நின்றது நல்லது என்று நினைத்தாள். ஒரு நாள் மூக்குப் பதத்தையும் காதுப் பதத்தையும் மாற்றி மாற்றி அழுத்திவிட்டு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தபோதுதான் விஷயம் புரிந்தது. தன் விரல்கள் இரவல் விரல்கள்போல் இருந்தன.

சொல்லியிருக்கலாம். சொன்னால் பேக்கிங்கில் போடுவார்கள். அட்டைப்பெட்டி மடிக்கிறவளை யாரும் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதில்லை. நீங்க சொன்னா சரிதான்க்கா என்று கலவைக்காரர் அவளிடம் மட்டும்தான் சொல்வார். உலகத்தில் அவள் வார்த்தைக்காக ஒரு காரியம் நிற்பதும் நடப்பதும் அந்த ஒரு மேசையில்தான். அதை விட அவளுக்கு மனம் வரவில்லை.

அதனால் அவள் கன்னத்தைப் பயன்படுத்தினாள். பீஸ்களைத் தட்டில் எடுத்துக்கொண்டு, சூளைக்குப் பின்னால் பொருட்களை ஆற வைக்கும் சிறிய அறைக்குப் போவாள். கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்து அழுத்துவாள். கண்ணை மூடினால் இன்னும் தெளிவாகத் தெரியும். விரலைவிடக் கன்னம் நுட்பமானது. அவள் முன்பு விட்டுவிட்டிருக்கக்கூடிய தவறுகளைக்கூட அது பிடித்தது. அப்படிப் பல மாதம் ஓடியது. ஒரு பீஸ்கூடத் திரும்பி வரவில்லை. பீஸை முகத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். எழுத வேண்டிய தேவை வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

சூப்பர்வைசர் அம்மா ஒரு நாள் கதவைத் திறந்தாள். தட்டு, மூடிய கண்கள், கன்னத்தில் பீஸ். கத்தவில்லை. கதவை மெதுவாக, மிக மரியாதையாக, மறுபடி சாத்திவிட்டுப் போனாள். அந்த மரியாதையில்தான் எல்லாம் முடிந்தது. சாப்பாட்டு நேரத்துக்குள் வரிசை முழுக்கத் தெரிந்துவிட்டது. குழாயடியில் டப்பா கழுவிக்கொண்டிருந்த ஒருத்தி திரும்பாமலே கேட்டாள்:

"அக்கா, கன்னத்துக்கு எந்தப் பதம் ஒத்து வருது?"

இன்னொருத்தி, பாவம் விடுடி, வெல்டர் மாமா வீட்டுலயும் வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கிட்டுத்தான் இருப்பார்போல என்றாள். வேறு நாளாக இருந்தால் பஞ்சு அக்கா இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். அன்று டப்பாவைக் கழுவாமலே மூடிக்கொண்டு போனாள்.

மாலையில் முதலாளி கூப்பிட்டார். அறையில் சூப்பர்வைசர் அம்மா, கலவைக்காரர். மேசை மேல் இருந்த மாதிரிகள்மீது துணி போர்த்தியிருந்தது. முதலாளி மின்விசிறியிடம் பேசினார். இது குடும்பப் பெண்கள் வேலை செய்கிற இடம், இந்த வயதில் இப்படி என்று கேள்விப்பட்டால் வேலைக்கு யார் வருவார்கள் என்றார். அவள் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்:

"விரல் மரத்துப்போச்சு முதலாளி. கன்னத்துலதான் தெரியுது. வேற ஒண்ணும் இல்ல."

"இத்தனை மாசமா?"

"இத்தனை மாசமா."

மாட்டிக்கொண்ட பிறகு எல்லோருக்கும் ஏதாவது மரத்துத்தான் போகும் என்றாள் சூப்பர்வைசர் அம்மா. கலவைக்காரருக்கு அவள்மேல் மதிப்பு உண்டு. காப்பாற்ற ஒரு வழி இருப்பதாக அவருக்குத் தோன்றியது. கண்ணைக் கட்டி மூன்று பதத்தையும் விரலால் பார்க்கச் சொல்லலாம், தெரியாவிட்டால் அவள் சொன்னது உண்மை, பேக்கிங்கில் போட்டுவிடலாம், பழியும் போய்விடும் என்றார். சொல்லும்போது அவளை ஒருமுறை அழுத்தமாகப் பார்த்தார். தோற்றால் போதும் என்று அந்தப் பார்வை சொன்னது. அவளுக்கும் புரிந்தது. மேசை போய்விட்டது, மானமாவது மிஞ்சும்.

துண்டால் கண்ணைக் கட்டினார்கள். உள்ளே தண்டு வைக்காத மாதிரிகளில் முதல் பீஸை உள்ளங்கையில் வைத்தார்கள். அவள் விரல்களால் அழுத்தினாள். ஒன்றும் இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நடப்பதுபோல் ஏதோ இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பீஸைச் சற்றுத் தூக்கினாள். அது தன் பாரத்தில் தானே வளைந்து, நுனி தொங்கி, மணிக்கட்டில் வந்து பட்டது.

"காது" என்றாள்.

யோசித்துச் சொன்னதல்ல. காதுப் பதத்தை வேறு பெயரால் அவள் வாய் சொன்னதே இல்லை. அடுத்தது பாதி வளைந்தது: மூக்கு. மூன்றாவது விறைத்து நின்றது: நெற்றி. பொய் சொல்ல மூன்று முறை இடம் கிடைத்தும் மூன்று முறையும் உண்மை முந்திக்கொண்டது. உண்மை மனிதனை விடுவிக்கும் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். எதிலிருந்து என்று அவர்கள் சொல்வதில்லை.

துண்டை அவிழ்த்தபோது கலவைக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விரல் நல்லாத்தானே இருக்கு" என்றார் முதலாளி.

"விரல்ல தெரியல. அது தொங்கினதுல தெரிஞ்சுது."

"போதும்மா. அசிங்கமா பேசாத."

மறுநாள் வர வேண்டாம் என்றார்கள். அவளுடைய மேசைத்துணி, தண்ணீர்ப் புட்டி, முதுகுக்கு வைக்கும் சிறு தலையணை எல்லாவற்றையும் யாரோ ஏற்கனவே ஒரு பையில் போட்டு வாசலில் வைத்திருந்தார்கள். கலவைக்காரர் கதவு வரை வந்தார். அவள் கன்னத்தால் பார்த்து அனுப்பிய தொகுதியைத்தான் கடைக்காரர்கள் இதுவரை வந்ததிலேயே மெது என்று மறுபடி கேட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, உடனே சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல் உள்ளே போய்விட்டார்.

வீட்டு முன்னறையில் வெல்டர் உடைந்த நாற்காலிக் காலை நிமிர்த்திக்கொண்டிருந்தான். எப்படியும் நாலு பேர் சொல்லிக் கேட்பான், தானே சொல்லிவிடலாம் என்று அவள் எல்லாவற்றையும் சொன்னாள், கன்னத்தையும் சேர்த்து. அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"கையைக் காட்டு."

காட்டினாள். அவன் தரையில் கிடந்த கட்டுக்கம்பியின் முனையை எடுத்து ஆள்காட்டி விரலில் குத்தினான்.

"தெரியுதா?"

"இல்ல."

ஐந்து விரலிலும் குத்திப் பார்த்தான். கடைசி விரலில் ரத்தம் துளிர்த்தது. அவள் கையை இழுக்கவில்லை. அவள் சொன்னது உண்மை என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தத் துளிதான். அதைப் பார்த்தவனும் அவன் ஒருவன்தான்.

"நிசந்தான். எனக்கும் இப்படித்தான். கல்யாணத்துக்கு முன்னாடியே போயிடுச்சு, சூட்டுல."

அவள் அவனையே பார்த்தாள்.

"நீங்க சொன்னதே இல்லையே."

"சொல்ல என்ன இருக்கு? கை வேலை செய்யுதுல்ல."

அந்தக் கையோடுதான் இத்தனை ஆண்டும் இருந்திருக்கிறாள். முரட்டுத்தனம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது வெறும் மரப்பா? அப்படியானால் அவள் அதை வெறுத்த காலமெல்லாம் என்ன? மன்னிக்க வேண்டியதா, ஏமாந்துபோனதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"ஒரு தடவை சொன்னேன். கொஞ்சம் மெதுவான்னு."

"எப்போ?"

"வந்த புதுசுல."

அவன் நினைவுபடுத்திப் பார்த்தான். உண்மையாகவே முயன்றான் என்பது அவன் நெற்றியில் தெரிந்தது. பிறகு, நான் மெதுவாத்தான் இருக்கேன்னு நினைச்சேன், வலிச்சா மறுபடி சொல்லியிருக்க வேண்டியதுதானே என்றான். அதில் கோபம் இல்லை. பாதை தவறிய ஒருவனிடம் வழிப்பலகையைப் பார்க்கக் கூடாதா என்று கேட்பதுபோல் இருந்தது.

அவள் விரல்களை அவன் இன்னும் விடவில்லை. துளிர்த்த ரத்தத்தைத் துடைத்துவிட்டு, ஐந்தையும் சேர்த்துத் தன் கைக்குள் வைத்திருந்தான். அவனாக அப்படிப் பிடித்தது அதுதான் முதல்முறை. எப்படிப் பிடித்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இப்ப மெதுவாத்தானே பிடிச்சிருக்கேன்?"

அவள் குனிந்து பார்த்தாள். அவன் கட்டைவிரல் பதிந்திருந்த இடத்தைச் சுற்றித் தோல் அழுந்தி வெளுத்திருந்தது.

"ஆமா" என்றாள்.