மெஷினை நிப்பாட்டிய விதம்

பலகையில் தானாகவே பூ வெட்டும் சிஎன்சி ரௌட்டர் மெஷின் லோடு ஆட்டோவில் வந்து இறங்கிய பிறகுதான் பட்டறையை டேப் வைத்து அளந்தேன். இன்ஜினியரிங் படித்தவன் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. மெஷினைப் படுக்கப் போட்டால் காதர் அண்ணாச்சியின் இழைப்பு மேசைக்கு இடமில்லை. கோவில்பட்டியில் நான் கதவுப் பட்டறை தொடங்கிய நாள் முதல் கூட இருக்கும் தச்சர் அவர். மேசை போனால் அவரும் போக வேண்டியதுதான்.

"மெஷினை நிப்பாட்டிருவோம் அண்ணாச்சி" என்றேன்.

"இன்னும் ஓடவே இல்ல, அதுக்குள்ள நிப்பாட்டுதீயளா?"

"ஐயோ, செங்குத்தா. சுவரோட சேத்து."

அந்த வாரம் முழுக்க பட்டறையில் அந்தச் சொல்தான். இன்னும் கொஞ்சம் நிப்பாட்டு, வலப்பக்கம் நிப்பாட்டு. ஆங்கர் போல்ட் போட்டு பிரேமைச் சுவரோடு முடுக்கினோம். மரத்தூள் தானாகக் கீழே விழுந்தது. மேசை இருந்த இடத்திலேயே இருந்தது. தெரிந்தவர்களுக்கெல்லாம் போனில் படம் அனுப்பினேன்.

கரிசல் மண் வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும். விரிசல் இல்லாத சுவர் எங்கள் ஊரில் இல்லை. அதன்மேல் காலண்டர் மாட்டிவிட்டு மறந்துபோவோம். நாங்களும் காலண்டரைக் கழற்றி, விரிசலில் சிமென்ட் பூசி, பக்கத்திலேயே துளை போட்டிருந்தோம்.

ஐப்பசி மழை பிடித்தது. ஒருநாள் மெஷின் கதவுப் பலகையில் பூ வெட்டிக்கொண்டிருந்தபோது மேல்போல்டுகள் காரையோடு பெயர்ந்து, பிரேம் முன்னால் சாய்ந்தது. அண்ணாச்சி மேசையிலிருந்து பாய்ந்து தாங்கிக்கொண்டார்.

"தம்பி, நிப்பாட்டுங்க!"

ஓடிப்போய் நிப்பாட்டினேன். இரண்டு கையாலும் பிரேமைத் தள்ளி, நேராக. சிவப்பு சுவிட்ச் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. வெட்டும் பிட்டோடு ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டே அவர் கையை நோக்கி இறங்கியது.

"ஆஃப் பண்ணுங்கய்யா, ஆஃப்!"

நான் சுவிட்சைத் தட்டுவதற்குள் பிட் அவர் முன்கையைக் கிழித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டர், "விரல மடக்குங்க" என்றார். ஒவ்வொன்றாக மடங்கின. சுண்டுவிரல் மட்டும் தயங்கித் தயங்கி.

"நாந்தான் கத்துனம்லா தம்பி?"

"நிப்பாட்டத்தான் செஞ்சேன் அண்ணாச்சி."

"ஆமா. நானுந்தான அந்த வாரம் பூரா அப்படிச் சொன்னேன்."

இப்போது மெஷின் அகலமான இரும்புக் கால்களில் தனியாக நிற்கிறது. சுவருக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி. புதிதாக மெஷின் வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கரிசலில் சுவரை நம்பாதீர்கள். ஆபத்துக்கென்று ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள், அதை வேறு எதற்கும் செலவழிக்காதீர்கள். எங்களுக்கு அது 'ஆஃப்'.

தையல் பிரித்த மறுநாள் அண்ணாச்சி வேலைக்கு வந்தார். வாசலிலேயே நின்று, "ஆஃப்ல இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் மெஷினைத் தாண்டித் தன் மேசைக்குப் போனார்.

மெஷினின் பிளக் உருவப்பட்டுத் தரையில் கிடந்தது.