பக்கத்து மனைக்கு வந்த தரகர்

மீனாட்சிபுரத்தில் என் வீட்டை ஒட்டிய மனையை விற்க ஒரு புதுத் தரகர் வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, அதற்குப் பொருந்தாத பழைய ஸ்கூட்டர். அதுதான் அவருடைய முதல் வியாபாரம். வாங்க வருபவர்களை முதலில் என்னிடம் டீ குடிக்க அழைத்து வருவார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நான், வில்லங்கச் சான்றிலிருந்து தொடங்கி விதிகளை விளக்கி முடிப்பதற்குள் இரண்டு பேர் ஓடிவிட்டார்கள்.

"ஏனுங்க தம்பி, என்கிட்ட எதுக்குக் கூட்டிட்டு வர்றீங்க? உங்க பொழப்பு கெடுதில்ல?"

"வித்துட்டு நான் போயிருவனுங்க சார். உங்க பக்கத்துல குடியிருக்கப் போறது அவங்கதானுங்க. இப்பவே பார்த்துக்கட்டும்."

மூன்றாவதாக வந்த பால் சொசைட்டி அம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டு, "இன்னொரு டீ கிடைக்குங்களா?" என்றார். மனை விற்றது.

இப்போது அங்கே வீடு எழும்புகிறது. தரகருக்கோ என் அழைப்பை எடுக்கவும் நேரமில்லை. என்னை அந்த மனையின் குறையாகக் காட்டினாரா, சிறப்பாகவா என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.